காத்திருந்த ரத்தம்

குழந்தைகள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர். பக்கத்து மேசையில் சர்க்கரை அளவு பார்க்கிறவர் வைத்த பெயர் அது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்தார்கள். ஒத்திகை என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் தலைதெறிக்க வெளியே ஓட, இவள் மட்டும் கையிலிருந்த குழாய்க்கு மூடி போட்டு, அதை ஸ்டாண்டில் நிறுத்தி, கை கழுவி, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கி வந்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பதினோரு வருடமாக உரியவில்லை. “நிதானம் சாப்பிடப் போயிருக்கு”, “நிதானத்துக்கிட்ட கொடு, அது பாத்துக்கும்” என்று அஃறிணையில் அன்பாகப் பேசுவார்கள். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டில் அவளை நர்ஸாக்கத்தான் நினைத்தார்கள். மனிதர்களோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. ரத்தம் அழாது, அடம்பிடிக்காது, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்காது என்று மனக்கணக்குப் போட்டு லேப் படிப்பில் சேர்ந்தாள். கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிறவர்களைச் சர்க்கரைக்காரர் சமாளித்துக்கொண்டார்.

காலை ஒன்பது மணிக்கு வெளிநோயாளிப் பிரிவிலிருந்து ரத்தக் குழாய்கள் தட்டுத் தட்டாக வரத் தொடங்கும். விரல் நீளக் குழாய், மேலே ரப்பர் மூடி. வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவாள். ரத்தம் உறைய அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, தெளிந்த மஞ்சள் நீர் மேலே நிற்கும். சீரம் என்பார்கள், சோதனையெல்லாம் அதில்தான். அந்த இயந்திரத்தில் இருபத்துநாலு குழி. இருபத்துநாலும் நிறையாமல் அவள் சுற்றவிட மாட்டாள். ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பஸ்ஸைக் கிளப்புவார்களா என்று கேட்பாள். நிறைவதற்கு எப்படியும் பன்னிரண்டரை ஆகிவிடும். வழக்கமாகப் பார்க்கிற சோதனைகளுக்கு அந்தத் தாமதத்தால் கெடுதல் ஒன்றும் வந்ததில்லை. சுற்றத் தொடங்கிய நேரத்தையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவைப்பாள். அந்தப் பதிவேட்டை யாரும் பிரித்துப் படித்தது கிடையாது. பிறகு எதற்கு எழுதுகிறாய் என்றால், கட்டம் போட்டிருக்கே என்பாள்.

இப்படிப்பட்டவள் ஓடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெறுங்காலோடு, மூன்று தெருவைத் தாண்டி ஓடினாள்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. காலையிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து, சோபாவில் படுக்க வைத்திருந்தார்கள். என்னவோ கேட்க வாயெடுத்த குழந்தை கேட்காமலே நிறுத்திவிட்டது. கண் மேலே செருகிக்கொண்டது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். வாசலிலேயே கணவனின் பைக் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே வந்து, ஏறு ஏறு என்று கத்தியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

“எவ்ளோ நேரம் இழுத்துச்சு?” என்று குழந்தை டாக்டர் கேட்டார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் மேடம்.

“ஒரு மணி நேரம் இருக்கும் மேடம்.”

“பத்து நிமிஷம்” என்றான் கணவன்.

“மூணு நிமிஷத்துக்கு மேல இருந்திருக்காது” என்றார் மேடம். குழந்தை அதற்குள் கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்றது. காய்ச்சல் வந்தால் சில குழந்தைகளுக்கு இப்படி வலிப்பு வரும், பார்க்கத்தான் பயமாக இருக்கும், பெரும்பாலும் மூளைக்கு ஒன்றும் ஆகாது, ஐந்தாறு வயதில் தானாகவே நின்றுவிடும், அதுவரை காய்ச்சல் வரும்போது திரும்ப வந்தாலும் வரலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இதையெல்லாம் பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்துக்குள் கேட்டவள்தான் அவள். அன்றைக்குப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் மேடம் வருது?”

“முழுசாத் தெரியாதும்மா. சில குழந்தைங்களுக்கு வரும்.”

கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இந்தப் பதில் அவனுக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தான். “லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிடறாங்க. நான் போய்ப் பாத்துட்டு, சில லிஃப்ட் நிக்கும் சார், நின்னா நின்னதுதான்னு சொல்லிட்டு வந்தா விடுவாங்களா? காரணம் இல்லாம எதுவும் நிக்காது.”

அவளுக்கும் அதே ஆத்திரம்தான். ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாம், அடுத்த காய்ச்சலில் மகளுக்கு வலிப்பு வராது. காரணமே இல்லையென்றால் எதைப் பிடிப்பது? அந்த ஒன்றுதான் அடுத்த சில மாதங்களுக்கு அவளைப் பிடித்து ஆட்டியது.

காரணம் அந்த மாதமே கிடைத்தது, கிடைத்தது போலிருந்தது. ரத்தத்தில் ஜிங்க் என்கிற துத்தநாகம் குறைந்தால் நரம்புகள் சட்டென்று தூண்டப்படும், அதனால் காய்ச்சல் வலிப்பு வருமோ என்று சில இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். நாமும் பார்ப்போமே என்று மேடம் கிளம்பினார். காய்ச்சலோடு வலிப்பு வந்த ஐம்பது குழந்தைகள், வெறும் காய்ச்சல் மட்டும் வந்த ஐம்பது குழந்தைகள். இரண்டு பக்கமும் ஜிங்க் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அளக்கும் வேலை நிதானத்துக்கு வந்தது. சீரத்தைச் சிறு சுடரில் தெளித்து, சுடர் வழியே வெளிச்சத்தைப் பாய்ச்சி அளக்கிற ஒரு இயந்திரமும் வந்து இறங்கியது. மேடம் தன் வசதிக்காக வலிப்புக் குழந்தைகளின் குழாயில் சிவப்புப் பொட்டும் மற்றவர்களின் குழாயில் மஞ்சள் பொட்டும் ஒட்டி அனுப்பினார்.

சிவப்புப் பொட்டு வைத்த மூன்றாவது குழாய் அவள் மகளுடையது. அறுபத்தொன்று என்று காட்டியது. மஞ்சள் பொட்டுக் குழந்தைகள் எழுபத்தைந்து, எழுபத்தெட்டு, எண்பது என்று நிற்க, அவள் பெண் அறுபத்தொன்றில் இருந்தாள். அடுத்து வந்த சிவப்புப் பொட்டு அறுபத்துநாலு. அதற்கடுத்தது அறுபது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. தன் பிள்ளைக்கு ஒரு சத்து குறைவு என்று தெரிந்து நிம்மதிப் பெருமூச்சு விட்ட தாயைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு அந்த அறைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

“சொட்டு மருந்து மூணு மாசம் குடுக்கலாம்” என்றார் மேடம். “கெடுதல் இல்ல. ஆனா இதனால வலிப்பு வராதுன்னு நான் சொல்லல. நான் சொன்னேன்னு நீயும் சொல்லாத.”

அவள் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய், வலிப்பு இனி வராது என்று கணவனிடம் சொன்னாள். அவனுக்கும் முகம் தெளிந்தது. “பாத்தியா, நான் சொல்லல?” என்றான்.

முதல் சிவப்புப் பொட்டு வந்த நாளிலிருந்தே அவளுடைய நிதானம் இரண்டாக உடைந்திருந்தது. மற்ற வேலையில் பழைய நிதானம். சிவப்புப் பொட்டு வைத்த குழாய் வந்தால் மட்டும் வேறு ஆள். கண் செருகிய ஒரு குழந்தையின் முகம் அந்தக் குழாய்க்குள் தெரியும். தட்டு மேசைக்கு வரும்வரை பொறுக்காமல் எழுந்து போய், ரத்தம் எடுக்கும் சிஸ்டர் கையிலிருந்தே வாங்கிக்கொள்வாள். உறைகிற அரை மணி நேரமும் பக்கத்தில் நிற்பாள். உறைந்ததும், எதிர்க் குழியில் எடைக்கு எடை தண்ணீர்க் குழாய் ஒன்றை வைத்து, அந்த ஒரே குழாய்க்காக இயந்திரத்தைச் சுற்றவிடுவாள். இப்போது மட்டும் ஒரு ஆளுக்காக பஸ் கிளம்புகிறதே என்று சர்க்கரைக்காரர் கேட்டார். பெயரை எக்ஸ்பிரஸ் என்று மாற்றிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தார். மஞ்சள் பொட்டுக் குழாய்கள் வழக்கம்போல் தட்டில் படுத்து, பன்னிரண்டரைக்காகக் காத்திருந்தன.

வீட்டில் வேறு கூத்து. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது கணவனின் அக்கா. அதே கட்டடத்தில் மேல் மாடியில் இருந்தார். தனி ஆள், தையல் வேலை. ஜிங்க் சாப்பாட்டில்தானே வருகிறது? ஒன்பது முதல் ஐந்து வரை ஊட்டுகிறது யார்? இதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஒரு சண்டையோடு போயிருக்கும். அதற்குப் பதிலாக முட்டை, பருப்பு, பொடித்த கடலை என்று தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே லேப் ஸ்டிக்கர் ஒட்டி, பத்தரை, ஒரு மணி, மூன்றரை என்று நேரம் எழுதி மேலே அனுப்பினாள். சாயங்காலம் விசாரணை.

“முட்டை முழுசாச் சாப்பிட்டாளா அண்ணி?”

“சாப்பிட்டா.”

“மஞ்சக்கரு?”

“அதுவும் முட்டைலதான இருக்கு.”

நாளாக ஆக அண்ணியின் பதில்கள் சுருங்கின. முன்பெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, அரை மணி நேரம் கதை பேசிவிட்டுத்தான் போவார். இப்போது வாசலில் இறக்கிவிட்டு, காலி டப்பாக்களையும் வைத்துவிட்டு, தையல் இருக்கிறது என்று ஏறிவிடுவார். கழுவிய டப்பாக்களில் ஸ்டிக்கர் மட்டும் கிழியாமல் இருக்கும். நிதானத்துக்கு அது உறைத்தது. உறைத்தாலும், குழந்தைக்காகத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. இடையில் காய்ச்சல் வரவில்லை. மறுபடி ரத்தம் பார்க்க மகளை அழைத்துப் போனாள். ரத்தம் எடுக்கிற சிஸ்டர் கைராசிக்காரர், குழந்தைக்குத் தெரிவதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும் என்பார்கள். அன்றைக்கு அந்தக் கைராசி பலிக்கவில்லை. இவள் பெண் கையை உதறியதில் முதல் குழாய் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பாதிக் குழாயை வாங்கிக்கொண்டு நிதானம் ஓடிவிட்டாள். அடம்பிடித்த பிள்ளையை மடியில் வைத்திருந்தது கூட வந்த அண்ணி.

பத்தரை மணிக்கு அறுபத்துமூன்று என்று வந்தது. மூன்று மாதச் சொட்டு மருந்து, அத்தனை டப்பா, ஏறியது இரண்டே இரண்டு. அவளுக்கு அழுகை முட்டியது. கணவனுக்குப் போன் செய்தாள்.

“ஏறலைங்க.”

“எந்த லிஃப்ட்டு?”

“ஜிங்க்குங்க. குட்டிக்கு ஜிங்க் ஏறவே இல்ல.”

மத்தியானம் வழக்கமான இருபத்துநாலைச் சுற்றி, ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வந்தாள். பதினேழாவது குழாய் எழுபத்தேழு. பதிவு எண்ணை எழுதப் போனவள் பேனாவை நிறுத்தினாள். மகளுடைய எண். லேபிளில் சிஸ்டரின் கோணல் கையெழுத்து. அவளுக்கு என்ன தோன்றியது என்றால், காலையில் ஏதோ தப்பாக அளந்துவிட்டோம், இதுதான் சரி என்று தோன்றியது. சந்தோஷத்தில் மறுபடி போன் செய்து, ஏறிடுச்சு என்றாள். லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்த கணவன் நல்லது என்று வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் காலை அளவும் மத்தியான அளவும் எழுதிய இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காலைக் குழாயில் மீதியிருந்த சீரத்தைத் திரும்ப அளந்தாள். அறுபத்துமூன்று. மத்தியானக் குழாயைத் திரும்ப அளந்தாள். எழுபத்தேழு. இயந்திரம் இரண்டு முறையும் அடித்துச் சொன்னது.

“ஒரே ஆளோட ரத்தம் ரெண்டு நம்பர் காட்டுமா?” என்று சர்க்கரைக்காரரிடம் கேட்டாள்.

“காட்டினா, அதுல ஒண்ணு அந்த ஆளோடது இல்ல.”

சிஸ்டரிடம் போனாள். “ரெண்டும் உன் பொண்ணோடதுதான்” என்றார் சிஸ்டர். “மொதல் குழாய் பத்தல. நீ அதப் பிடுங்கிட்டு ஓடிட்ட. அடுத்த நிமிஷமே இன்னொண்ணு முழுசா எடுத்துத் தட்டுல அனுப்பினேன். நீ ஓடற ஓட்டத்துல யாரு உன்னக் கூப்பிடறது?”

ஒரே குழந்தை, ஒரே கை, ஒரு நிமிட இடைவெளி. மூன்றாவது முறை போன் செய்தபோது கணவன், இப்ப என்ன என்றான். தெரியலைங்க என்றாள். என்ன தெரியல என்றான். என்ன தெரியவில்லை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பதிவேட்டைப் பிரித்தாள். அன்றைய பக்கத்தில் மகளின் எண் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று: வந்தது 9.20, சுற்றியது 9.55. இன்னொன்று: வந்தது 9.25, சுற்றியது 12.35. பொட்டில்லாமல் தட்டோடு வந்ததால், யாருடைய எண் என்று பார்க்காமலே எழுதியிருக்கிறாள். வேறு வித்தியாசம் ஏதும் இல்லை. முந்தின பக்கத்தைப் புரட்டினாள், அதற்கு முந்தினதையும். சிவப்புப் பொட்டு என்றால் அரை மணியில் சுற்றியிருக்கிறது. மஞ்சள் பொட்டு என்றால் மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறது. மூன்று மாதமும் அப்படியே, ஒரு நாள் தவறாமல், அவளுடைய அழகான கையெழுத்தில்.

அன்று இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். காத்திருந்ததால் கூடியதா? கூடுமா? எவ்வளவு கூடும்? மறுநாள் காலையில் சிஸ்டரிடம் கையை நீட்டி, நாலு குழாய் எடுங்க என்றாள். உனக்கு என்ன காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் எடுத்தார். நாலையும் தட்டில் படுக்க வைத்து, அரை மணியில் ஒன்று, ஒரு மணியில் ஒன்று, இரண்டு மணியில் ஒன்று, மூன்று மணியில் ஒன்று என்று சுற்றினாள். எழுபத்தொன்பது, எண்பத்திரண்டு, எண்பத்தேழு, தொண்ணூற்றுமூன்று. ரத்த அணுக்களுக்குள் ஜிங்க் நிறைய உண்டு. பிரிக்காமல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். படுத்திருக்கும் குழாயில் ரப்பர் மூடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுக்கும். படிக்கும்போது பரீட்சைக்கு எழுதியதுதான். எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த வாரம் மேடம் குழந்தை மருத்துவர்கள் கூட்டத்தில் இந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. படமெல்லாம் போட்டு வைத்திருந்தார்: சிவப்புத் தூண் குட்டை, மஞ்சள் தூண் நெட்டை. இவளைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. பதிவேட்டை யாரும் படிக்கப் போவதில்லை. மேடத்தின் மூன்று மாத உழைப்பு ஒரு பக்கம். அதைவிட, சொன்னால் இவளுடைய காரணம் போய்விடும். ஜிங்க் குறைவுதான் என்று ஒரு கயிறு கையில் இருந்தது. சொட்டு மருந்துப் பாட்டிலைப் பார்த்தால் தூக்கம் வந்தது. அதையும் விட்டுவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கு வெறுங்கையோடு நிற்க வேண்டும். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை தாய்மார் தன்னைப்போல் டப்பா கட்டப் போகிறார்களோ என்று நினைத்தாள். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார்.

“அப்ப, வலிப்பு வந்த குழந்தைங்களுக்கு ஜிங்க் குறைச்சலே இல்லையா?”

“தெரியல மேடம். இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். நாம அளந்தது ஜிங்க் வித்தியாசத்த இல்ல.”

“பின்ன என்னத்த அளந்தோம்?”

“நான் ஓடினதத்தான் மேடம்.”

மேடம் பதிவேட்டை மூடினார். அவருக்குக் கோபம் என்று தெரிந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில், “பொட்டு ஒட்டினது நான்தான்” என்றார். “எது யாரோடதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாது.” கூட்டத்துக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டார். நாலைந்து நாள் இவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் ஒரு தாள் வந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். பொட்டு கிடையாது, எண் மட்டும். எந்தக் குழாயாக இருந்தாலும் நாற்பதாவது நிமிடத்தில் சுற்ற வேண்டும், முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை. சர்க்கரைக்காரர் தன் பங்குக்கு வீட்டிலிருந்து ஒரு அலாரம் கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

மகளின் சொட்டு மருந்தைத் தொடரவா என்று மேடத்திடம் கேட்டாள். நிறுத்தலாம், தேவையென்று நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை என்றார். அவள் நிறுத்தினாள். பாட்டிலை மட்டும் எறிய மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் முதல்முறையாக அவளே மேல் மாடிக்கு ஏறினாள். அண்ணி தையல் இயந்திரத்திலிருந்து நிமிரவில்லை. கட்டிலில் மகள் துணித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நீங்க ஊட்டினதுல ஒரு குறையும் இல்ல.”

“குறைன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. நான் நெனச்சேன். மூணு மாசமா நெனச்சேன்.”

இயந்திரம் நின்றது. “தெரியும்” என்றார் அண்ணி. “டப்பா மேல மணி எழுதி அனுப்பினப்பவே தெரியும்.” அவர் கண் கலங்கியிருந்தது. இவளுக்கும் தாங்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பது இருவருக்கும் தெரியும், இருவரும் அதை எடுக்கவில்லை. டீ போடட்டுமா என்று அண்ணி எழுந்தார். நானே போடறேன் என்று இவள் அடுக்களைக்குப் போனாள்.

கணவனைத்தான் சமாளிக்க முடியவில்லை. “அப்ப காரணம் என்ன?” என்றான். தெரியாது என்றாள். “ஜிங்க் இல்லையா?” தெரியாது. “திரும்ப வருமா?” அதுவும் தெரியாது. மேடம் சொன்ன பதிலையே நீயும் சொல்கிறாய் என்றான். ஆமாம், அவர் முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றாள். அன்றைக்கே பெரிய வினாடி முள் வைத்த ஒரு சுவர்க் கடிகாரத்தை அவன் கூடத்தில் சோபாவுக்கு எதிரே மாட்டினான்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கணவன் வேலைக்குப் போயிருக்க, அண்ணி கீழே வந்து கூட இருந்தார். பத்து மணிக்குக் கண் செருகியது.

கால்கள் வாசலைப் பார்த்துத் திரும்பியதை அவளே உணர்ந்தாள். திருப்பினாள். குழந்தையைத் தரையில் விரிப்பின்மேல் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாயில் எதையும் வைக்கவில்லை. இழுக்கிற கையை அமுக்கவில்லை. தலை இடிக்காமல் உள்ளங்கையை மட்டும் கீழே கொடுத்தாள்.

“அண்ணி, கடிகாரத்தப் பாருங்க. எவ்ளோன்னு சொல்லிக்கிட்டே இருங்க.”

“இருபது” என்றார் அண்ணி. “நாப்பது. ஒரு நிமிஷம்.” ஐந்து நிமிடம் தாண்டினால்தான் உடனே வண்டி கூப்பிட வேண்டும். “ஒண்ணு இருபது.” ஜிங்க் இல்லை, சொட்டு மருந்து இல்லை, காரணம் இல்லை, எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குரல் மட்டும் இருந்தது. “ஒண்ணு நாப்பது” என்றபோது கை தளர்ந்தது, கால் தளர்ந்தது, குழந்தை பெரிய மூச்சாக இழுத்து அழுதது.

மருத்துவமனையில், எவ்வளவு நேரம் என்று மேடம் கேட்டார்.

“ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா மேடம். அண்ணி எண்ணினாங்க.”

மேடம் எழுதிக்கொண்டார். புது ஆராய்ச்சியில் குட்டியையும் சேர்க்கலாமா என்று தயங்கிக் கேட்டார். சேருங்க என்றாள். சிஸ்டர் வந்தார். இந்த முறை குழந்தை அசையவில்லை. தூக்கக் கலக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தது. ஒரே குழாய், முழுதாக நிறைந்தது. சிஸ்டர் அதில் எண்ணை ஒட்டி, பழக்க தோஷத்தில் இவள் பக்கம் நீட்டினார்.

“இந்தா, ஓடு.”

அவள் கை பாதிவரை எழுந்தது. பிறகு மகளின் முதுகுக்குத் திரும்பியது.

“தட்டுலயே வைங்க சிஸ்டர். வரிசையில வரட்டும்.”

சிஸ்டர் அந்தக் குழாயை மற்றக் குழாய்களோடு வைத்தார். தட்டு போயிற்று. அவள் மகளைத் தட்டிக் கொடுத்தபடி, அண்ணிக்கு நகர்ந்து இடம் கொடுத்து, அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.